தங்க வில்லை

உங்கள் ஸ்டேஷன் கோப்பி நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. தேக்காவில் இப்போதெல்லாம் எந்தக் கடையிலும் இவ்வளவு சூடாகத் தருவதில்லை. எதையும் முறையாகச் செய்கிறவர்கள் குறைந்துபோனார்கள். கேட்டால் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டால் தப்பு சரியாகிவிடும் என்று யாரோ இவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

வெளியே பெஞ்சில் சரஸ்வதி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தேன். பக்கத்தில் அவள் அப்பா. "லீலா டீச்சரை நான்தான் கொன்னேன்" என்று அவளே இங்கே நடந்து வந்து சொன்னாளாம். குழந்தை உளறுகிறது என்று அவள் வாத்தியாரான என் வாயால் ஒரு வார்த்தை வாங்கி விஷயத்தை முடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டனுப்பியிருக்கிறீர்கள். அது எனக்குப் புரிகிறது. லீலா வெயில் தாக்கி இறந்ததாக டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். நானும் "ஆமாம் ஐயா, உளறல்தான்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம்.

ஆனால் ஒருவர் செய்த காரியத்தை இன்னொருவர் பேரில் போடுவதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. என் வாழ்க்கை முழுக்க அதைத்தான் பார்த்தேன். அந்தப் பெண் சொல்வது பொய். எப்படிப் பொய் என்று வரிசையாகச் சொல்கிறேன். இடையில் நிறுத்தாமல் கேளுங்கள்.

முதலில் இந்த வில்லை. கோர்ட்டுச் சேவகர்கள் மார்புப் பட்டையில் பித்தளை வில்லை குத்தியிருப்பார்களே, அது மாதிரிதான் இருக்கும். கையில் எடுத்துப் பாருங்கள், ஒன்றும் செய்யாது. நடுவில் விரித்த உள்ளங்கை, சுற்றிலும் எழுத்து. எங்கள் மந்திரப் பள்ளியில் ஆசிரியராகிறவருக்குச் செம்பு வில்லை கொடுப்பார்கள். தலைமை ஆசிரியருக்கு மட்டும் இந்தத் தங்க வில்லை. மருதப்பன் ஆசான் இந்த ஊருக்கு வர நாகப்பட்டினத்தில் கப்பலேறியபோது வேட்டி முடிச்சில் கட்டிக்கொண்டு வந்தவை இவை. சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில், மசாலா அரைக்கும் கடைக்கு மேல்மாடியில் அவர் பள்ளியைத் தொடங்கினார். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே மந்திரம் படித்தவர்கள் நாங்கள்.

வில்லை வெறும் பதவிச் சின்னம் என்று ஊரில் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு வேலை இருக்கிறது. பள்ளியில் சேருகிற பிள்ளை அதன்மேல் விரல் வைத்துத் தன் பெயரைச் சொல்ல வேண்டும். அன்றிலிருந்து அந்தப் பிள்ளை ஒரு மந்திரத்தைப் பிசகாகச் சொன்னால், அதனால் வரும் கேடு பிள்ளையைத் தொடாது. வில்லையைக் குத்தியிருக்கும் ஆசிரியர் உடம்பில் இறங்கும். செம்பு வில்லை ஒரு வகுப்பின் பிழையைத் தாங்கும். தங்க வில்லை பள்ளி முழுவதையும் தாங்கும். தங்க வில்லை இருக்கும் இடத்தில் செம்பு வேலை செய்யாது. எல்லாம் தங்கத்துக்கே போகும்.

கல்யாண வீட்டில் மழையை நிறுத்துகிற மந்திரம் ஓர் எழுத்துத் தப்பினால் நெஞ்சில் நீர் கோக்கும். தொலைந்த பொருளைத் தேடுகிற மந்திரம் தப்பினால் கண் மங்கும். என் இடது காது கேட்காது, கவனித்திருப்பீர்கள். சுந்தரம் என்ற பையன் காற்றை அழைக்கும் மந்திரத்தில் ஒரு சொல்லை விழுங்கினான். பொரி உருண்டை தின்றுகொண்டே சொன்னான், அதனால் விழுங்கினான். என் காதிலிருந்து ரத்தம் சட்டைக் காலர்வரை வந்தது. அவன் மீதி உருண்டையைத் தின்று முடித்தான். இப்போது துறைமுகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறான். தெருவில் பார்த்தால் "சார், நல்லா இருக்கீங்களா" என்று கை ஆட்டுகிறான். எந்தக் காதுப் பக்கம் நின்று கேட்கிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது.

இந்த இரண்டு விரல்களில் நகம் இல்லை. இது தனம் என்கிற பெண் செய்தது. முழங்காலில் ஒரு வடு இருக்கிறது, அது முத்துசாமியின் மகன் செய்தது. அவர்கள் யாருக்கும் ஒரு கீறல் கிடையாது. தப்பு செய்தவனுக்கு வலிக்காது, சரியாகச் சொல்லிக் கொடுத்தவனுக்கு வலிக்கும். இதை நியாயம் என்று சொல்லி எங்கள் மார்பில் குத்தினார்கள்.

இருந்தாலும் நான் தாங்கினேன். ஜப்பான்காரன் காலத்தில் மற்ற ஆசிரியர்கள் ஆளுக்கொரு பக்கம் ஓடியபோது நான் ஆசானோடு மரவள்ளிக்கிழங்கு தின்றுகொண்டு பள்ளியைக் காத்தேன். சண்டை முடிந்து, பள்ளி திரும்பக் களைகட்டிய பிறகுதான் லீலா வந்தாள். பினாங்கிலிருந்து அம்மாவோடு வந்தவள். கழுத்தில் சின்னக் கைக்குட்டை சுற்றிக்கொண்டு, ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுகிற பெண். பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து கச்சான் கடலை தின்பாள். ஒருமுறை ஒரு பிள்ளை பிசகி அவள் முன்கை தோல் கொப்பளித்துக் கிளம்பியது. நான் அந்தப் பிள்ளையை எழுப்பி நிற்க வைத்தேன். லீலா அவனை உட்காரச் சொன்னாள்.

"விடுங்கண்ணே, கொசுக்கடி லா. அவன் பயந்துட்டா அடுத்த தடவையும் தப்பாத்தான் சொல்வான்."

கொசுக்கடி என்றாள். நாங்கள் எல்லாரும் அத்தனை வருஷம் தாங்கியதை ஒரு வார்த்தையில் கொசுக்கடி ஆக்கிவிட்டாள். பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை நான் யாரிடமும் காட்டவில்லை. எனக்குக் கோபத்தை அடக்கத் தெரியும். இப்போதும் பாருங்கள், குரல் உயர்த்தாமல்தானே பேசுகிறேன்.

மருதப்பன் ஆசானுக்கு முடியாமல் போனபோது, அடுத்த தலைமை யார் என்று யாரும் கேட்கக்கூட இல்லை. எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் புதுச் சட்டை தைத்துக்கொண்டேன். பொங்கலன்று காலையில் எல்லாரையும் மாடியில் உட்கார வைத்து, ஆசான் தங்க வில்லையைக் கழற்றி லீலாவின் சேலையில் குத்தினார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டாமல் இருந்தால் அசிங்கம்.

எல்லாரும் போன பிறகு ஆசான் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"வருத்தப்படாதே தங்கராஜு. வலி தாங்குறதுல உன்னைவிடப் பெரியவன் இல்லை. ஆனா ஒவ்வொரு வலிக்கும் நீ ஒரு பேர் வச்சிருக்கே. எந்தப் பிள்ளை, எந்தத் தப்புன்னு எல்லாம் ஞாபகம் வச்சிருக்கே. அந்த மனசோட பள்ளி முழுசையும் சுமந்தா, நீ பிள்ளைங்களை வெறுத்துடுவே."

நான் ஞாபகம் வைத்திருப்பது குற்றமாம். மறந்துவிடுகிறவளுக்குத் தங்கம். அந்தக் கிழவரின் கால் வீக்கத்துக்கு எண்ணெய் தேய்த்தவன் நான். மழைக்காலம் முடிவதற்குள் அவர் இறந்துபோனார். அவரைத் தூக்கியதிலும் என் தோள் இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு லீலா செய்தவைதான் தாங்க முடியாதவை. என்னை அவமானப்படுத்தியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் மரியாதை காட்டினாள். ஒவ்வொன்றுக்கும் "அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க" என்று கேட்டாள். தலைமை ஆசிரியர் நாற்காலியில் உட்காரவே இல்லை, எனக்குப் போட்டு வைத்தாள். தானம் கொடுக்கிற மாதிரி. ஒருவனைக் கீழே தள்ளிவிட்டு அவனுக்கு விசிறி வீசுவது என்ன குணம் என்று சொல்லுங்கள்.

இந்த வருஷம் ஊரோரக் கம்பத்துக் குடிசைகளில் தீப்பிடித்ததை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அத்தாப்பு ஓலைக் கூரைகள் ஒன்றிலிருந்து ஒன்று பற்றிக்கொண்டு போயின. எங்கள் பிள்ளைகளில் பலர் அந்த வீடுகளிலிருந்து வருகிறவர்கள். லீலா ஒரு நாள் வகுப்பு முடிந்து என்னிடம் வந்தாள்.

"அண்ணே, தீ தணிக்கிற மந்திரத்தைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கணும். பம்ப் வண்டி வர்றதுக்குள்ள அவங்களே நின்னு அடக்கிக்கலாம். ஃபேரர் பார்க் திடல்ல எல்லாருக்கும் முன்னாடி ஒருதடவை செஞ்சு காட்டினா, கம்பத்து ஆளுங்களுக்கும் நம்பிக்கை வரும்."

"செய்யுங்க. நீங்கதானே தலைமை."

"நீங்கதான் சொல்லிக் கொடுக்கணும். உங்க நாக்குல வர்ற ழகரம் இந்த ஊர்ல யாருக்கும் வராது."

அது உண்மை. தீ மந்திரம் முழுக்க ழகரத்தின்மேல் நிற்கிறது. தழலே தாழ், எழுந்த வழியே இழிந்து தாழ். நாக்கை மடித்து, அண்ணத்தைத் தொட்டும் தொடாமலும் சொன்னால் நெருப்பு மடங்கும். ளகரமாகச் சொன்னால் நெருப்பு யார் கூப்பிட்டது என்று தேடும். இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பழம் பளம்தான், கிழமை கிளமைதான். அதனால் இங்கே யாரும் துணிந்து இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. இன்னொன்றும் இருக்கிறது. நெருப்பின் முன்னால் மூன்று முறை சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் சரியோ தப்போ, சொன்னவர்கள்மேல் நெருப்பு பாயும். அதை மட்டும் எந்த வில்லையாலும் தடுக்க முடியாது.

நான் ஒப்புக்கொண்டேன். பிள்ளைகளில் நன்றாகச் சொல்லக்கூடியவர்களைப் பொறுக்கி எடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வகுப்பு நடத்தினேன். முதல் தடவை நெருப்பின் முன்னால்தான் தலைமை ஆசிரியர் கேட்க வேண்டும், அதற்கு முன்னால் கேட்டால் மந்திரம் பலம் குறையும் என்று லீலாவிடம் சொன்னேன். அப்படி ஒரு விதி கிடையாது. அவள் நம்பினாள். நெருப்பு இல்லாத இடத்தில் இந்த மந்திரம் வெறும் பாட்டு, தப்பாகச் சொன்னாலும் ஒன்றும் ஆகாது. அதனால் பயிற்சியில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

சரஸ்வதி மட்டும் ஒரு நாள் கை தூக்கினாள்.

"சார், லீலா டீச்சர் 'ழ'வுக்கு நாக்கை மடிக்கச் சொன்னாங்க. நாம தளலே தாள்னு சொல்றோம்."

"நெருப்புக்கு நாக்கை மடிக்கக் கூடாது. இது வேற பாடம்."

"டீச்சர்கிட்ட ஒருதடவை கேட்டுட்டு வரட்டுமா சார்?"

"கேட்டா நீ இந்த வரிசையில நிக்க மாட்டே. உங்க வீடு எரிஞ்சா உங்க அப்பா நின்னு அணைக்கட்டும், நீ வேடிக்கை பாரு."

அவள் உட்கார்ந்துவிட்டாள். இதனால்தான் சொல்கிறேன், அவள் பேச்சு பொய் என்று. அவளுக்குச் சரியான எழுத்து தெரியும். தப்பான எழுத்தை அவள் நாக்கில் நான் ஏற்றினேன். நாள்தோறும், பொறுமையாக, மற்ற எல்லாப் பாடத்தையும் எப்படிச் சொல்லிக் கொடுப்பேனோ அப்படி. சொல்லிக் கொடுப்பதில் நான் குறை வைத்ததே இல்லை.

அன்றைக்குத் திடலில் நல்ல கூட்டம். தேக்காக் கடைக்காரர்கள், கம்பத்து மலாய்க்காரர்கள், சீனர்கள், எங்கள் பிள்ளைகளின் தாய் தகப்பன். நாலு மணி வெயில். நடுவில் அத்தாப்பு ஓலையைக் கூரை உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக நின்றார்கள். லீலா அவர்களுக்குப் பின்னால், தங்க வில்லையோடு நின்றாள். நான் பக்கவாட்டில். கண்ணை மூடிக்கொண்டு சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளைப் பழக்கியிருந்தேன்.

தீ வைத்தார்கள். ஓலை சடசடவென்று பிடித்தது. பிள்ளைகள் தொடங்கினார்கள். தளலே தாள், எளுந்த வளியே இளிந்து தாள். ஒரே குரல், ஒரு தாளம் பிசகவில்லை. அந்தச் சமயத்தில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

தீ நிமிர்ந்தது. பிறகு காற்றே இல்லாமல் பிள்ளைகள் பக்கம் சாய்ந்தது. கூட்டத்துக்கு அது வித்தையின் ஒரு பகுதியாகப் பட்டிருக்கும். "ஓ" என்றார்கள். லீலாவுக்கு முதல் வரியிலேயே புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்திருந்தேன், அதற்குத் தயாராகவும் இருந்தேன். அவள் உதவி கேட்கிற மாதிரி பார்த்தாள். நான் தவறுதலாகச் சொல்லிக் கொடுத்துவிட்டேன், இப்போது குரல் கொடுத்துத் திருத்துவேன் என்று நினைத்தாள் போல. நான் சரியான எழுத்தை உரக்கச் சொல்லியிருந்தால் பிள்ளைகள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். என் குரலுக்குத்தான் அவர்கள் பழக்கம். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் தப்பிக்க வழி இருந்ததையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் நியாயமானவன். வில்லையைக் குத்தியிருக்கிறவர் தன் கையாலேயே எப்போது வேண்டுமானாலும் அதைக் கழற்றலாம். ஒரு ஊக்கை எடுத்தால் போதும். பிள்ளைகளுக்கு என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்கள். அவரவர் தப்பு அவரவர்மேல் வந்திருக்கும். கொஞ்சம் பட்டிருப்பார்கள். நெருப்புதானே, சிலருக்குக் கொஞ்சம் அதிகமாகவே பட்டிருக்கும். பட்டால் வருகிற படிப்பு வேறு. எனக்கு யாரும் விரித்த கையைக் காட்டி நடுவில் வந்து நிற்கவில்லை.

இரண்டாவது முறை சொல்லும்போது லீலாவின் முகம் சிவந்து, பிறகு வெளுத்தது. அவள் இரண்டு கையாலும் வில்லையை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பிள்ளைகளோடு சேர்ந்து தானும் சொல்ல ஆரம்பித்தாள், சரியாக, ழகரத்தோடு. முதலில் அவள் குரல் கேட்கவில்லை. மூன்றாவது முறையில் சரஸ்வதி பிடித்துக்கொண்டாள். அவளைப் பார்த்து இன்னும் சிலர். கடைசி வரியில் பாதிப் பிள்ளைகள் நாக்கை மடித்துவிட்டார்கள். தீ தயங்கித் தயங்கி உட்கார்ந்தது. புகை மட்டும் மிச்சம். கூட்டம் கை தட்டியது.

லீலா புல்லில் உட்கார்ந்தாள், பிறகு சாய்ந்தாள். சேலையில் ஒரு பொறிகூட இல்லை. தொட்டால் அடுப்புக் கல் மாதிரி கொதித்தாள். நான்தான் முதலில் போய்க் குனிந்தேன், எல்லாரும் பார்த்தார்கள். அவள் என் நல்ல காதின் பக்கம் பேசினாள்.

"அண்ணே, தப்பா சொன்னாங்கன்னு பிள்ளைங்ககிட்ட சொல்லிடாதீங்க."

அவ்வளவுதான். ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது.

மறுநாள் வகுப்பில் நான் பிள்ளைகளிடம் சொன்னேன். உண்மையை மறைப்பது என் பழக்கம் இல்லை. "உங்க நாக்குதான் டீச்சரைக் கொன்னது. வெளியில யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க" என்றேன். பலர் அழுதார்கள். சரஸ்வதி அழவில்லை. அன்றிலிருந்து அவள் பேசவில்லை என்று அவள் அப்பா சொன்னார். இன்று உங்களிடம்தான் முதலில் பேசியிருக்கிறாள். பிள்ளைகளுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாகத் தங்கள் தப்பின் எடை தெரிந்தது. அதைக் கொடுமை என்று நீங்கள் முகத்தைத் திருப்புகிறீர்கள். நான் பாடம் என்கிறேன்.

போன வாரம் பள்ளியில் இரங்கல் கூட்டம் போட்டார்கள். லீலாவின் படத்துக்குச் சம்பங்கி மாலை. பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுத்தாள் என்று ஒவ்வொருவரும் எழுந்து எழுந்து பேசினார்கள். பேசியவர்கள் யாருக்கும் திடலில் நடந்தது முழுதாகத் தெரியாது, இருந்தும் பேசினார்கள். கொடுத்தாளாம். அவள் எதையும் கொடுக்கவில்லை, நான் எடுத்தேன். யோசித்து, திட்டம் போட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக் கொடுத்து எடுத்தேன். அந்தக் காரியம் அவள் பேரில் படமாகத் தொங்குவதையும், இன்னொரு பக்கம் ஒரு சின்னப் பெண் அதைத் தன் பேரில் எழுதச் சொல்வதையும் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சும்மா இருக்க முடியும். லீலாவைக் கொன்றவன் தங்கராஜு. பேரைச் சரியாக எழுதுங்கள்.

வில்லையை எனக்குத்தான் கொடுத்தார்கள். குத்திக்கொண்டேன். முன்பெல்லாம் பிள்ளை தடுமாறினால் அது சுடும். என் மார்பில் அது சும்மா கிடக்கிறது. நேற்று ஒரு பையன் சின்னப் பிசகு செய்தான், அவன் வாய்தான் புண்ணானது, எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. அவள் கையில் கிடந்து கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறேன்.

அவளைப் பற்றி இனிமேல் யாராவது உயர்வாகப் பேசினால், நான் கண்ணால் பார்த்த ஒன்றை அவர்களுக்குச் சொல்லுங்கள். உயிர் போய்க்கொண்டிருந்தது, ஊக்கைக் கழற்றியிருந்தால் பிழைத்திருப்பாள், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் இரண்டு கையாலும் அதை இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் அந்த விரல்களைப் பிரித்தெடுக்க அவ்வளவு சிரமப்பட்டார்கள். ஒரு பொம்பளைக்குப் பதவிமேல் அத்தனை ஆசை இருந்திருக்கிறது, பாருங்கள் ஐயா.